ஐஸ்காரன் படகில் என் மருமகள் பெயர்

இல்லை என்றால் இல்லைதான். என் மருமகள் ஐஸ்காரனுக்காக வீட்டை விட்டுப் போனாள் என்று இன்னொரு தடவை காதில் விழட்டும், எதிர்வீட்டுத் தையல்காரி என்று முகம் பார்க்க மாட்டேன். அவள் வாசலிலேயே போய் உட்கார்ந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்பேன். அவள் என்னத்தைப் பார்த்தாள்? ஒரு பெண் பையோடு படியிறங்கிப் போனதைப் பார்த்தாள். அவ்வளவுதான். மிச்சத்தையெல்லாம் அவளே அளவெடுத்து, அவளே வெட்டி, அவளே தைத்து, பொத்தானும் வைத்து ஊருக்கு மாட்டிவிட்டாள்.

ஐஸ்காரன் எங்கேயாவது போனானா? இங்கேதான் இருக்கிறான். விடிந்தால் அவன் ஐஸ் பட்டறையில் மீனுக்கு ஐஸ் உடைக்கிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கிறது. அவன் பெண்டாட்டி அந்தத் தையல்காரியிடம்தான் துணி கொடுக்கிறாள். அவளைக் கேட்டிருக்கலாமே? கேட்டால் கதை செத்துப்போகும், அதனால் கேட்கவில்லை.

என் மருமகள் வேறொரு துறைமுகத்தில் இருக்கிறாள். கயிற்றுக் கடைக்கு மேலே ஒரு அறை. பஸ் ஏறி நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஜன்னல் மேடை முழுக்கப் பெயிண்ட் டப்பா. ஆம்பிளைச் செருப்பு எதுவும் கிடக்கிறதா என்று கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன். மாமியார் இல்லையா, பார்க்காமல் வருவேனா? அவள் அதைக் கவனித்துவிட்டு, "அத்தை, அலமாரியும் திறந்துதான் இருக்கு, பார்த்துக்குங்க" என்றாள். பார்த்தேன். ஒன்றும் இல்லை.

இந்தத் தெருவில் அவளைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு வாய் வலிப்பதில்லை, வயிறுதான் வலிக்கிறது. பொம்பிளை ஒருத்தி படகுப் பட்டறையில் ஆம்பிளைகளுக்கு நடுவில் நின்று வேலை செய்துவிட்டு, சாயங்காலம் நிமிர்ந்து நடந்து வந்தால் சிலருக்குத் தாங்காது. தாங்காதவர்கள் தெருவில் மட்டுமா இருந்தார்கள்? என் வீட்டுக்குள்ளேயே ஒருவன் இருந்தான். நான் பெற்ற மூத்தவன்.

அவள் படகுக்கு எழுதுகிறவள். படகின் பெயர், பதிவு எண். கடைக்குப் பலகை எழுதுகிற மாதிரிதானே என்று நினைக்க வேண்டாம். கடைப் பலகையில் பூ போடலாம், கொடி போடலாம். படகில் அதெல்லாம் நடக்காது, சட்டம் இருக்கிறது. எண்ணை முன்மூக்கின் இரண்டு பக்கமும் எழுத வேண்டும். ஒரு பக்கம் எழுதிவிட்டு மறுபக்கம் நாளைக்கு என்று விடக்கூடாது. எழுத்து ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம் குறையாமல், நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். சாய்வு, சுழி, நிழல் ஒன்றும் ஆகாது. படகு கறுப்போ நீலமோ என்றால் எழுத்து வெள்ளை, படகு வெள்ளை என்றால் எழுத்து கறுப்பு, தூரத்தில் வருகிற ரோந்துக்காரன் கண்ணைச் சுருக்காமல் படிக்க வேண்டும். எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் ஓர் எழுத்து அகலம் இடம் விட வேண்டும். பெயரைப் பின்பக்கமும் எழுத வேண்டும், அதற்குக் கீழே துறைமுகத்தின் பெயர். வலையோ டயரோ தொங்கி அதை மறைக்கக்கூடாது. சுக்கான் அறையின் கூரை மேலேயும் எண்ணைப் போட வேண்டும், மேலே இருந்து பார்க்கிறவனுக்கு. "கடவுள் பார்க்கிறதுக்காடி?" என்று ஒரு நாள் கேட்டேன். "இல்லை அத்தை, ஹெலிகாப்டர்காரன் பார்க்கிறதுக்கு. கடவுளுக்குப் படிக்காமலே தெரியும்" என்றாள்.

எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் ஓர் எழுத்து நேராக நிற்கிறதா, குடித்துவிட்டு நிற்கிறதா என்று தெரியும். அவள் எழுதியதெல்லாம் நேராக நிற்கும்.

படகு கரையில் ஏறிக் கிடந்தால் ஏணி போட்டு எழுதிவிடலாம். தண்ணீரில் கிடந்தால் அதற்கு ஒரு முறை உண்டு. மூக்கிலிருந்து இரண்டு கயிற்றில் ஒரு பலகையைத் தொங்கவிடுவார்கள். எழுதுகிறவள் அதில் உட்கார்ந்து, ஒரு கையில் டப்பா, ஒரு கையில் பிரஷ்ஷோடு எழுத வேண்டும். மேலே அந்தக் கயிற்றைப் பிடிப்பது யார் என்றால், படகின் சொந்தக்காரன். கூலிக்காரன் பிடிக்கக்கூடாது, கூட்டாளி பிடிக்கக்கூடாது. எந்தச் சட்டத்திலும் அது இல்லை, பட்டறையின் வழக்கம். உன் படகின் பெயர் எழுதப்படுகிறது, எழுதுகிறவள் உயிர் உன் கையில், நீயே பிடி என்று அர்த்தம். வேறொருவன் பிடித்தால், அந்தப் படகில் அவனுக்கும் பங்கு இருக்கிறது என்று கரையில் பேசிக்கொள்வார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். துறைமுகம் முழுக்கப் படகு, படகு ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரன், ஒவ்வொருவனும் என் மருமகள் உட்கார்ந்த பலகையின் கயிற்றைப் பிடித்திருக்கிறான். பொறாமைக்காரன் ஒருவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பொறாமை எங்கள் வீட்டுச் சொத்து. வேறு சொத்து என் மகனுக்கு அவன் அப்பா வைத்துவிட்டுப் போகவில்லை, அதைத்தான் குறைவில்லாமல் வைத்துவிட்டுப் போனார். நான் ஏலக்காரனிடம் நண்டு என்ன விலை என்று கேட்டால், வீட்டுக்கு வந்து, "நண்டைக் கேட்டியா, ஆளைக் கேட்டியா?" என்பார். "ஆளை யாரு ஏலத்துக்கு விட்டா? விட்டா உங்களைத்தான் முதல்ல விடுவேன்" என்பேன். அதோடு சிரித்துவிடுவார். என் மகனுக்கு அப்பாவின் பொறாமை வந்தது, அந்தச் சிரிப்பு வரவில்லை.

ஆரம்பத்தில் அதுவும் அழகாகத்தான் இருந்தது. அவன் பழைய படகின் எண்ணை அவன் சிநேகிதன் ஒருவன் சுழியும் நிழலுமாக எழுதிவைக்க, துறைமுக வாசலில் ரோந்துக்காரர்கள் மறித்துவிட்டார்கள். பட்டறைக்கு ஓடி வந்தான். அவள் அதைச் சுரண்டித் தள்ளிவிட்டுப் பலகையில் உட்கார்ந்தாள், இவன் கயிற்றைப் பிடித்தான். பிடித்தவன் பிடித்தபடியே நின்றான். அவள் எழுதி முடித்து, மேலே ஏறி வந்து, கையையும் கழுவிவிட்டு, "விடுங்க, வேலை முடிஞ்சுது" என்று சொன்ன பிறகும் விடவில்லையாம். வீட்டுக்கு வந்து, "அம்மா, கட்டினா அவளைத்தான்" என்றான்.

ஐஸ்காரன் அதற்கு முன்பே அவளைப் பெண் கேட்டுப் போனதும் உண்மை. மறைக்க அதில் ஒன்றுமில்லை. அவன் வீட்டார் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்கள்: கல்யாணத்துக்குப் பிறகு பட்டறைக்குப் போகக்கூடாது. அவள் மாட்டேன் என்றாள். அவனும் சரி என்று வேறு பெண் பார்த்துக்கொண்டான். கதை முடிந்தது. என் மகனிடமும் அவள் அதைத்தான் முதலில் கேட்டாள். "தொழிலை விடச் சொல்ல மாட்டீங்களே?" என்று. என் எதிரில்தான் கேட்டாள். இவன், "உன் எழுத்தைப் பார்த்துத்தானே வந்தேன்?" என்றான். அந்தப் பதிலுக்காகத்தான் இந்த வீட்டுக்கு வந்தாள். இவன் மூக்கைப் பார்த்தோ, எங்கள் ஓட்டு வீட்டைப் பார்த்தோ வரவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஐஸ்காரன் படகு வாங்கினான். அதற்கு வைத்த பெயர் என் மருமகளின் பெயர். கரையே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. நான் அப்போதே சொன்னேன், அது அவன் அம்மாவின் பெயரும்தான் என்று. அவளும் நானும் ஒரே தொட்டியில் மீன் கழுவினவர்கள், அவள் பெயர் எனக்குத் தெரியாதா? கல்லைத் தூக்கினால் கீழே நாலு பேர் அந்தப் பெயரில் இருப்பார்கள். படகே அவள் பெயரில்தான் பதிவு, மகன் ஓட்டுகிறவன். ஆனால் என் மகனுக்குக் காதில் ஏறவில்லை. அந்தப் படகு கடந்து போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வான். திருப்பினாலும் கண் மட்டும் அங்கேயே இருக்கும். மூக்கின் இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறது, பின்னாலும் எழுதியிருக்கிறது, எந்தப் பக்கம் போனாலும் தப்ப முடியாதே. எழுதியவளும் அவளேதான்.

என் மகன் புதுப் படகு கட்டியபோதுதான் எல்லாம் முற்றியது. பழையதைக் கொடுத்துவிட்டு, பட்டறையிலேயே ஒன்றைக் கட்டினான். நல்ல படகு, அதில் குறை சொல்ல மாட்டேன். அடிப்பலகை போட்ட நாளிலிருந்தே பட்டறை முழுக்கச் சொல்லி வைத்திருந்தான், பெண்டாட்டியின் பெயர்தான் வைக்கப்போகிறேன் என்று. அவளுக்கும் ஆசை இருந்திருக்கும். எத்தனையோ பேர் பெண்டாட்டி பெயரை, மகள் பெயரை எழுதியவள் இல்லையா? வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் பெயர் எழுதுவதற்கென்று புது பிரஷ் ஒன்றைத் தனியாக வைத்திருந்தாள்.

பதிவு அலுவலகத்துக்குப் போனான். அங்கே இருந்த பெண், அந்தப் பெயர் இந்தத் துறைமுகத்தில் ஏற்கெனவே இருக்கிறது என்றாள். ஒரு துறைமுகத்தில் ஒரே பெயரில் இரண்டு படகு இருந்தால், ஆபத்து என்று ஒன்று கூப்பிடும்போது எது கூப்பிட்டது என்று தெரியாதாம். நியாயம்தானே? வேறு பெயர் வையுங்கள், இல்லாவிட்டால் அதே பெயருக்குப் பின்னால் 'இரண்டு' என்று சேர்த்துக்கொள்ளுங்கள் என்றாளாம்.

இரண்டு!

வேறு யாருக்காவது சொல்லியிருந்தால், சரி, இரண்டு என்று போட்டுக்கொண்டு கடலுக்குப் போயிருப்பார்கள். இவனிடம் போய்ச் சொல்லலாமா? அவன் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி கரைக்கு வந்துவிட்டது. வலை பின்னுகிறவன் ஒருவன், ஊசியைக்கூட நிறுத்தாமல், "என்ன அண்ணே, ஒண்ணு ஐஸ்காரன்கிட்ட, ரெண்டு உங்ககிட்டயா?" என்று கேட்டிருக்கிறான். என் மகன் அவனுடைய வலையைத் தூக்கித் தண்ணீரில் எறிந்துவிட்டு வந்தான்.

ஐஸ்காரனிடமும் போய்ப் பெயரை மாற்றிக்கொள் என்று கேட்டான். கேட்டது அல்ல, மிரட்டியது. ஐஸ்காரன், "அம்மா பேரை அம்மா உயிரோட இருக்கும்போதே அழிக்கச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு ஐஸ் உடைக்கப் போய்விட்டான். அது பேச்சா, பேச்சு மாதிரி ஒரு சாக்கா என்று இவன் நாள் முழுக்கப் புலம்பினான்.

புதுப் படகு பெயரில்லாமல் பட்டறையில் நின்றது. பெயரும் எண்ணும் இல்லாமல் துறைமுக வாசலைத் தாண்ட முடியாது. மீன் பிடிக்கிற பருவம் திறக்கிற நேரம். மற்ற படகெல்லாம் பருவத்துக்கு முன் நடக்கிற சோதனைக்காகப் பெயரைப் புதுப்பித்துக்கொண்டிருந்தன. போன பருவத்து வெயிலிலும் உப்பிலும் எழுத்து மங்கியிருந்தால் சோதனையில் தள்ளிவிடுவார்கள். ஐஸ்காரன் படகிலும் எழுத்து மங்கித்தான் இருந்தது. பட்டறையில் எழுதுகிறவள் அவள் ஒருத்திதான்.

சாப்பிட உட்கார்ந்தபோது என் மகன் சொன்னான், ஐஸ்காரன் படகுக்கு இந்தத் தடவை எழுதாதே என்று. சோதனையில் தள்ளிவிட்டால் அந்தப் படகு பெயரை இழந்துவிடும், நாம் எடுத்துக்கொள்ளலாம் என்று டீக்கடையில் யாரோ சட்டம் படித்திருக்கிறார்கள். அவள் தட்டிலிருந்து நிமிராமலே, "பேரு போகாதுங்க. படகுதான் கட்டிக் கிடக்கும், அவங்க பிழைப்புதான் போகும்" என்றாள். இவன் பிடித்துக்கொண்டான்: "அவன் பிழைப்புக்கு உனக்கென்ன?"

பொறாமைக்காரனிடம் உண்மையைச் சொல்வது இப்படித்தான். எந்த உண்மையைச் சொன்னாலும் அது யாரோ ஒருவனுக்கு ஆதரவாகவே அவன் காதில் விழும்.

"எனக்கு ஒண்ணுமில்லை," என்றாள் அவள். "தொழில் வேற, வீடு வேற. கட்டிக்கும்போதே பேசினதுதானே?" மறுநாள் காலையில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நான் கரையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஐஸ்காரன் படகு தண்ணீரில் கிடந்தது. ஐஸ்காரன் மேலே அம்மாவுக்குப் பதிலாகக் கயிற்றைப் பிடித்திருந்தான், அவள் கீழே பலகையில் உட்கார்ந்து முதல் எழுத்தைப் பாதி எழுதியிருந்தாள். அந்த நேரத்தில் என் மகன் எங்கிருந்தோ வந்து, படகில் தாவி ஏறி, "விடுடா கயிறை" என்றான். அவன் எப்படி விடுவான்? கீழே ஆள் தொங்குகிறாள். இவன் பிடித்து இழுத்தான், அவன் விடாமல் இழுத்தான். பலகை ஊஞ்சல் மாதிரி போய் வந்தது. அலை அடித்து அவள் முழங்கால் வரை நனைந்தது. பெயிண்ட் டப்பா தண்ணீரில் விழுந்தது. அவள் கத்தவில்லை. படகைக் கட்டிய இரும்பு வளையத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பிரஷ்ஷைப் பல்லில் கடித்துக்கொண்டு மேலே பார்த்தாள்.

நான் கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தேன். பக்கத்துத் தொட்டியில் இருந்த ஐஸ்காரனின் அம்மாவும் எழுந்தாள். எனக்கு முழங்கால் வலி, அவளுக்கு இடுப்பு வலி. இரண்டு வலியும் சேர்ந்து படகில் ஏறின. அவள்தான் முதலில் பேசினாள். என் மகனைப் பார்த்து, "டேய், அது என் பேருடா. எனக்கு அந்தப் பேரை வைக்கும்போது உன் மாமியாரே பொறக்கலை. படகும் என்னுது. கயிறைக் கொண்டா" என்றாள்.

கரை மொத்தமும் சிரித்தது. இரண்டு பேர் கையிலிருந்தும் கயிற்றை வாங்கிக்கொண்டாள். அவளால் ஒருத்தியாகப் பிடிக்க முடியவில்லை, நானும் பின்னால் நின்று பிடித்தேன். வழக்கத்துக்குக் குற்றமில்லை, சொந்தக்காரிதான் முன்னால் நின்றாள். யாரோ வேறு டப்பா கொண்டுவந்து கொடுத்தார்கள். என் மருமகள் துணியால் பலகையைத் துடைத்தாள், படகின் பக்கத்தைத் துடைத்தாள், காய்கிற வரைக்கும் காத்திருந்தாள், பிறகு மிச்சத்தை எழுதினாள்.

எழுதி முடித்ததும் ஐஸ்காரனின் அம்மா எட்டிப் பார்த்து, "என் பேரு எப்படி மின்னுது பாருடி" என்றாள். எனக்கு வயிறு எரியாமல் இல்லை. எனக்கு எந்த மகனும் படகில் பெயர் வைக்கவில்லை. "மின்னுது, மின்னுது. உன் மூஞ்சியைவிட நல்லாத்தான் மின்னுது" என்றேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இறங்கினோம். என் மகன் அங்கே இல்லை.

ஊர் தன்னைப் பார்த்துச் சிரித்தது என்பதுதான் அவனுக்குள் தங்கிவிட்டது. பெயர் ஐஸ்காரனின் அம்மாவுடையது என்று இப்போது காதால் கேட்டும்விட்டான். கேட்ட பிறகு ஆறியிருக்க வேண்டும் அல்லவா? ஆறவில்லை. பொறாமைக்குக் காரணம் இருக்கிற வரைக்கும் பேசிப் பார்க்கலாம். காரணம் போன பிறகும் பொறாமை இருந்தால் அதோடு யார் பேசுவது?

அந்த வாரம் பட்டறை விடுமுறை நாளில் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்திருந்தார்கள். வெயில் கொளுத்தியது. என் மகன், படகைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான். அடுத்த நாள் காலையில் ஐஸ்காரன் படகு துறைமுக வாசலில் மறிக்கப்பட்டுத் திரும்பி வந்தது. பெயரைக் காணோம். முழுதாக அழியவில்லை, இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு, சோறு சிந்தின மாதிரி இருந்தது. எண்ணிலும் பாதி இல்லை.

சோதனை அதிகாரி வந்தார், பட்டறை மேஸ்திரி வந்தார். மேஸ்திரி பார்த்த உடனே தீர்ப்புச் சொன்னார்: ஈரத்தில் எழுதியிருக்கிறாய், அதனால் உரிந்துவிட்டது. அன்றைக்குத் தண்ணீர் தெறித்ததை ஊரே பார்த்ததே என்றார். அவள் துடைத்ததையும் காத்திருந்ததையும் யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. அலையடித்ததையும் சிரித்ததையும்தான் ஞாபகம் வைத்திருந்தார்கள். இந்தப் பருவம் முழுக்க நீ எழுத வேண்டாம், வெளியே இருந்து ஆள் வரவழைக்கிறேன் என்றார்.

அவள் படகின் மூக்குக்கு அருகே போனாள். ஈரத்தில் எழுதிய பெயிண்ட் உரிந்தால் ஓரம் செதில் மாதிரி சுருளும். இங்கே ஓரம் சுருளவில்லை. அவள் விரலால் தடவிப் பார்த்தாள். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. தடவிய விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "கொஞ்சம் பொறுங்க ஐயா" என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். கூட்டத்தில் என் மகன் நின்றிருந்தான். அவனையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். அதிகாரிகூடத் திரும்பிப் பார்த்தார், இவள் யாரை எதிர்பார்க்கிறாள் என்று.

என் மகன் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்தான். அவன் காலில் இருந்தது ரப்பர் பூட்ஸ். அதில் சரிசெய்ய என்ன இருக்கிறது?

அவள் அதிகாரியிடம், "சரிங்க ஐயா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் நேராகப் பின்கட்டுக்குப் போய், அவன் சாமான் பெட்டியிலிருந்து சுரண்டுத் தகட்டை எடுத்துவந்தாள். படகின் அடியில் சிப்பி சுரண்டுகிற தகடு. டின் திறக்கப் போய் அதன் ஓரத்தில் நடுவே ஒரு துண்டு உடைந்திருந்தது. அதன் ஓரத்தில் வெள்ளைப் பெயிண்ட் தூளாக ஒட்டியிருந்தது. சாப்பிட வந்த அவன் தட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்தாள். படகில் சுரண்டின கோட்டிலெல்லாம், இந்த உடைப்புக்கு நேராக நடுவில் ஒரு இழை பெயிண்ட் விட்டுப்போயிருந்தது என்று என்னிடம் சொன்னாள், அவனிடம் சொல்லவில்லை.

நான் கேட்டேன். அம்மா கேட்காமல் யார் கேட்பது? "நீயா செஞ்சே?"

"ஆமா," என்றான். ஒளிக்கவில்லை. ஒளிந்தது கரையில் மட்டும்தான். "அந்தப் பேரு அவன் படகுல இருக்கக்கூடாது."

"பேரை மட்டும் பார்த்தீங்க," என்றாள் அவள். "அது யார் எழுத்துன்னு பார்க்கலை."

நான் இப்போதே போய் மேஸ்திரியிடம் சொல்கிறேன் என்று எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "வேண்டாம் அத்தை. அவர் வாயால வரணும். நீங்க சொன்னா மருமகளுக்குப் பரிஞ்சு மகனைக் காட்டிக் கொடுத்தீங்கன்னுதான் ஆகும். என் எழுத்து உரியலைன்னு ஆகாது." பிறகு அவனைப் பார்த்து, "நாளைக்குச் சொல்லிடுங்க. பெயிண்ட் நல்ல பெயிண்ட்னு மட்டும் சொன்னாப் போதும்" என்றாள். கெஞ்சினாள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

அவன் சொல்கிறேன் என்றுதான் சொல்வான் என்று நான் நினைத்தேன். பெற்றவள் அப்படித்தான் நினைப்பாள். அவன் தகட்டைத் தள்ளி வைத்துவிட்டு, தட்டை இழுத்துக்கொண்டு, சமாதானமாகச் சொன்னான்: "விடு. ஒருவிதத்துல நல்லதுதான். நீ வீட்டுல இரு. இனிமே எவனும் உனக்குக் கயிறு பிடிக்க வேண்டியதில்லை."

அவள் அவனைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஏதோ ஒரு கணக்குக்கு இப்போதுதான் விடை வந்தது போலப் பார்த்தாள்.

"இதையேதான் ஐஸ்காரன் வீட்டுலயும் சொன்னாங்க," என்றாள். "அவங்க முதல்லயே சொன்னாங்க."

அவன் காதில் ஐஸ்காரன் என்ற சொல் மட்டும் விழுந்தது. தட்டை எறிந்தான். அந்தச் சத்தம் எதிர்வீடு வரைக்கும் கேட்டிருக்கும். ஐஸ்காரன் பெயரும் கேட்டிருக்கும். தையல்காரியின் கதைக்கு நூல் அங்கிருந்துதான் கிடைத்தது.

அதற்குப் பிறகு அவள் சண்டை போடவில்லை. தினமும் காலையில் அவன் கிளம்பும்போது அவன் முகத்தைப் பார்ப்பாள். சாயங்காலம் திரும்பி வரும்போதும் பார்ப்பாள். அவன் மேஸ்திரியிடம் பேசினானா என்று முகத்திலேயே தெரிந்துவிடும், அதனால் கேட்பதில்லை. நான் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தேன். "சொன்னியாடா?" "சொல்றேம்மா." "எப்போ?" "நேரம் வரட்டும்." பட்டறைக்கு வெளியூரிலிருந்து ஒருவன் வந்து ஐஸ்காரன் படகுக்குப் பெயர் எழுதினான். எண்ணையும் எழுத்தையும் இடைவெளி விடாமல் ஒட்டி எழுதிவைத்து, மறுபடி எழுத வேண்டியதாயிற்று. அவள் அந்தச் செய்தியைக் கேட்டுச் சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

ஒரு நாள் காலையில் அவள் பையை எடுத்து நடு அறையில் வைத்தாள். வேறொரு துறைமுகத்தில் எழுத ஆள் வேண்டுமாம், அங்கே யாருக்கும் இந்தக் கதை தெரியாதாம். அவள் எழுதியதைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். என்னிடம் மட்டும் முதல் நாள் சொல்லியிருந்தாள். நான் போகாதே என்று சொல்லவில்லை. எந்த வாயை வைத்துக்கொண்டு சொல்வேன்? என் வீட்டில் அவளுக்குக் கொடுத்த வாக்கு ஒன்றுதான், அதையும் என் மகன் விழுங்கிவிட்டான்.

அவன் அப்போதுதான் எழுந்து வந்தான். பையைப் பார்த்தான். வாசற்படியில் போய்க் குறுக்கே நின்றான். மன்னித்துவிடு என்று சொன்னால் போதும், மேஸ்திரியிடம் இப்போதே வா, சொல்கிறேன் என்றாலும் போதும். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணெல்லாம் கலங்கித்தான் இருந்தது. வாய் திறந்தான். திறந்த வாயில் வந்தது இதுதான்:

"அங்க யாரு இருக்கா?"

அவள் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"படகு இருக்குங்க," என்றாள்.

அவன் வழிவிட்டான். தானாகவே விட்டான். அவள் என் பக்கம் திரும்பி, அடுப்பில் பால் இருக்கிறது, பொங்கிவிடப் போகிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது, தலையில் துணியைப் போட்டுக்கொண்டு போ என்று நான் சொன்னேன். போட்டுக்கொண்டாள். படியிறங்கி, வலது பக்கம் திரும்பி, பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்து நடந்தாள். ஐஸ் பட்டறை இடது பக்கம் இருக்கிறது.